மதிலோரம் எடுக்காத படங்கள்

புனே
26.9.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பி இன்பநாதனுக்கு அக்கா ஆரோக்கியமணி எழுதுவது. நீ பத்திரமாய் லிஸ்பன் போய்ச் சேர்ந்தாய் என்று நிக்கோல் போனில் சொன்னாள். அவளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாதம் நிறைந்தவளை மாடி ஏற விடாதே. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மருமகன் வீட்டில் ரொட்டியும் கேக்குமாக நீட்டுவார்கள், வாயைக் கட்டுவது உன் பொறுப்பு. இங்கே நானும் உன் அத்தானும் ஏதோ நடமாடுகிறோம். இந்த வருஷம் மழை விடுகிற மாதிரி தெரியவில்லை.

போன் இருக்கும்போது எதற்கு ஸ்பீட் போஸ்டில் காகிதம் என்று சிரிப்பாய். உன் அத்தானுக்குக் காது மந்தமானதிலிருந்து எந்த போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுகிறார். நான் பேசுவதைக் கீழ்வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்கிறார்கள். வாட்ஸப்பையும் எனக்கு முன்னால் அவரே திறந்துவிடுகிறார். ஆனால் தமிழ் வாசிக்க அவருக்கு வராது. புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு மட்டும்தான். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் போட்ட மாதிரி. அதனால் இந்த வீட்டில் ரகசியம் என்றால் தமிழில்தான் எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெரோஷ் அந்த ஊரில்தான் இருக்கிறான்.

நம் பெரியப்பா பேத்தி கெசியாவின் புருஷன் ஜோஷுவா கப்பலில் வேலை பார்க்கிறான் அல்லவா? ஜூன் மாதம் கப்பல் லிஸ்பனில் நின்றபோது ஊர் சுற்றப் போயிருக்கிறான். பெரிய வெள்ளைக் கும்மட்டம் வைத்த கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருச் சந்தை. அங்கே தரையில் துணி விரித்துப் பழைய பூட்டும் சாவியும் விற்றுக்கொண்டிருந்தவன் ஜெரோஷ்தான் என்று சத்தியம் செய்கிறான். கூப்பிடப் போவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டதாம்.

என் மகன் என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஹடப்சர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பெரிய ஹோட்டலில் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போர்ச்சுகல் போனான். அங்கே தெருவில் சாமான் விற்கிறான் என்று 2021 ஏப்ரலில் தெரிந்தபோது உன் அத்தான் போனிலேயே, "எனக்கு மகன் செத்துட்டான்" என்று கத்தினார். அதற்கப்புறமும் மாதம் ஒருமுறை எனக்கு மட்டும் போன் பண்ணிக்கொண்டிருந்தான். அந்த வருஷ நவம்பரில் அதுவும் நின்றது. நம்பரை மாற்றிவிட்டான். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் சோறு தின்கிறேன். நிக்கோல் அங்கே குடிபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வயிற்றுப் பிள்ளைக்காரியை அலைய விட மனசு வரவில்லை.

நீ அந்தச் சந்தைக்குப் போ. எப்படியும் கேமராவோடு போகத்தான் போகிறாய். கண்ணில் படுகிற எல்லாரையும் எடுத்து, பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. ஊர்ப் படம் என்று உன் அத்தானும் பார்த்துக்கொள்ளட்டும். அவனைக் கண்டால் சத்தம் போட்டுக் கூப்பிடாதே, ஓடிவிடுவான். இருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

நிக்கோல் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

அக்கா
ஆரோக்கியமணி


லிஸ்பன்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு இன்பநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. சர்க்கரை அடங்கியிருக்கிறது. நிக்கோல் கால் வீக்கம் குறைந்துவிட்டது, கோபம் மட்டும் கூடியிருக்கிறது. உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கிறாயா? அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா?

உன் கடிதம் வந்த மறுநாளே சந்தைக்குப் போனேன். செவ்வாயும் சனியும் கூடுகிறது. திருடியின் சந்தை என்றே இதற்குப் பெயராம். நம்ம ஊர்ப் பழைய சாமான் சந்தை ஜூனா பஜாரைத் தூக்கிக்கொண்டு வந்து மலைச்சரிவில் கொட்டியது போல இருக்கிறது. உடைந்த பொம்மை, ராணுவ பூட்ஸ், ஒற்றைக் காதணி, யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம், கைப்பிடி போன குடை. ஒரு கிழவர் பொய்ப்பல் செட் விற்கிறார், ஒருத்தர் வாங்கிப் பொருத்தியும் பார்த்தார். சந்தையின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு கல் மதில். அதற்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஆறு கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது.

நாற்பது வருஷம் புனே கேம்ப் பஜாரில் ஸ்டூடியோ வைத்து, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று எல்லாரையும் வரிசையாய் நிறுத்தியே படம் எடுத்தவன் நான். இங்கே யாரும் நிற்க மாட்டேன் என்கிறார்கள். ஸ்பூன் விற்கிற ஒரு அம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, முகத்துல நிழல் விழுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, இரண்டு ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் படமும் இதில் இருக்கிறது.

மொத்தம் இருபத்துநாலு அனுப்புகிறேன். பங்களாதேஷ் பையன்கள், பஞ்சாபிகள் நிறைய இருக்கிறார்கள். பின்பக்கம் பார்த்தால் எல்லாருமே ஜெரோஷ் மாதிரிதான் இருக்கிறது. முன்பக்கம் போனால் இல்லை. இதுவரை காணவில்லை அக்கா. இன்னும் போவேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் போக்கிடம் அதுதான். இந்த வீட்டில் பகல் முழுக்க மருமகன் வேலையில், மகள் தூக்கத்தில். சந்தையில்தான் யாராவது என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

அன்புத் தம்பி
இன்பநாதன்


புனே
16.10.2024

மரியே வாழ்க.

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. பேரன் பிறந்த செய்தி போனில் கேட்டுக் கும்பிட்டேன். மூன்று கிலோ இருநூறு என்றால் நல்ல எடைதான். நிக்கோலுக்குப் பூண்டு வதக்கிப் போடு, அந்த ஊரிலும் பூண்டு கிடைக்கும். எனக்கு முழங்கால் பரவாயில்லை.

படங்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் நாலு வரிசையாய்ப் பரப்பி வைத்தேன். உன் அத்தான் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அரே, இதென்ன, ஒருத்தனும் கேமராவைப் பார்க்கல? இன்பநாதனுக்குக் கை மறந்துபோச்சா?" என்றார். பொய்ப்பல் படத்தைப் பார்த்து இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். அவர் தூங்கப் போன மத்தியானங்களில் நான் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகமாய்ப் பார்க்கிறேன். மதில் ஓரம் எடுத்த ஐந்து படங்களில் ஒன்றில், கூட்டத்துக்கு நடுவே ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. அது அவனுடையது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அதில் பச்சை குத்தியிருப்பது தெரிந்தது. அவனும் பச்சை குத்தியிருக்கலாம் என்று இன்னொரு நாள் நம்பினேன். பைத்தியம் பிடிக்கிறது இன்பா.

நவம்பர் வருகிறது. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுதித் தரச் சொல்லி உபதேசியார் கவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் எழுதவில்லை. அந்தக் கவரைப் பார்த்தாலே எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

இன்னும் படம் அனுப்பு. அந்த மதில் பக்கம் பார்.

அக்கா


லிஸ்பன்
25.10.2024

அக்காவுக்கு,

படங்கள் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். அவனைக் காணவில்லை. கூட்டம் அதிகம். மதில் பக்கம் வெளிச்சம் சரியில்லாததால் எடுக்க முடியவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறான்.

இன்பநாதன்


புனே
4.11.2024

இயேசுவுக்குப் புகழ்.

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன். உன் அத்தானும் சுகம். அவரையும் நீ கேட்கவில்லை.

அறுபத்தெட்டு வருஷமாக உனக்கு அக்காவாக இருக்கிறேன். முழங்கால் எப்படி என்று கேட்காமல் நீ எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நாலு வரியில் கடிதம் முடித்ததும் இல்லை. அதுவும் வெளிச்சம் சரியில்லையாம்! கெசியா கல்யாணத்தன்று ஊரெல்லாம் கரண்ட் போனபோது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் முந்நூறு பேரை எடுத்தவன் நீ. பட்டப்பகலில் ஆற்றங்கரையில் வெளிச்சம் இல்லை என்று யாரிடம் சொல்கிறாய்?

பன்னிரண்டு படத்தையும் மேஜைமேல் வைத்து, எங்கே நின்று எடுத்தாய் என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் மதில் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் தடவை ஐந்து படத்தில் வந்த மதில், நான் அந்தப் பக்கம் பார் என்று எழுதிய பிறகு ஒன்றில்கூட இல்லை. நீ அங்கே போகாமல் இல்லை. அங்கேயே நின்றுகொண்டு வேறு பக்கமாய் எடுத்திருக்கிறாய்.

அவனைப் பார்த்துவிட்டாய்.

படம் அனுப்ப வேண்டாம். எடுக்காதீர்கள் என்று அவன் சொல்லியிருப்பான், நீயும் வாக்குக் கொடுத்திருப்பாய். சரி. ஆனால் என்மேல் உனக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவன் என்ன சொன்னான்? சாப்பிடுகிறானா? குளிருக்குப் போட்டுக்கொள்ள ஏதாவது வைத்திருக்கிறானா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. எழுதாவிட்டால் உன் அத்தான் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்பேன்.

அக்கா
ஆரோக்கியமணி


லிஸ்பன்
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்காமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். அந்தக் கடிதத்தைப் போட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. தூறல். நான் மதில் ஓரத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு குரல், "மாமா, லென்ஸ்ல தண்ணி படுது. மூடுங்க." திரும்பினால் ஜெரோஷ். மெலிந்திருக்கிறான், தாடி வைத்திருக்கிறான். தடிமனாய் ஒரு கோட்டு இருக்கிறது. சாப்பிடுகிறான், கவலைப்படாதே. பூட்டு, சாவி, கதவுக் கைப்பிடி விற்கிறான், துருப்பிடித்த பூட்டைப் பழுது பார்த்துக் கொடுக்கிறான். சந்தை இல்லாத நாட்களில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஆறு பேரோடு ஒரே அறை. அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

"முதல் நாளே பார்த்துட்டேன் மாமா. ஸ்பூன் விக்கிற அம்மாவைத் தள்ளி நிக்கச் சொன்னீங்கள்ல? அந்தக் குரலைக் கேட்டதும் மூட்டையைக் கட்டிட்டேன். இன்னைக்கு நீங்க தனியா நனைஞ்சிட்டு உக்காந்திருந்தீங்க, முடியல" என்றான்.

நான் கேமராவை எடுத்தேன். கையை வைத்து மறைத்துக்கொண்டான். "வேணாம். அம்மாகிட்டயும் சொல்லாதீங்க. செத்தவனைப் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா?"

நான் எடுக்காததா? சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி நம் ஆட்களுக்கு எத்தனை படம் எடுத்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறகு சொன்னான்.

2021 கல்லறைத் திருநாள். கோவிட் காலம், நம் கோயிலில் கூட்டம் கூடாது என்று பூசையை யூடியூபில் போட்டார்களே, அந்த வருஷம். இவனுக்குக் காய்ச்சல், அறையில் தனியாகப் படுத்திருக்கிறான். ஊர் நினைப்பில் போனில் பூசையைப் போட்டிருக்கிறான். இறந்தவர்களின் பெயரைக் குடும்பம் குடும்பமாக வாசித்தார்களாம். "கார்ல், ஆரோக்கியமணி குடும்பம்னு அப்பா அம்மா பேரு வந்துச்சு. தாத்தா பேரு, ஆச்சி பேரு எல்லாம் வாசிச்சாங்க. அத்தை பேரும் வந்துச்சு. அப்புறம் என் பேரு. ரிவைண்ட் பண்ணி நாலு தடவை கேட்டேன் மாமா. அப்பா வாயால சொன்னாரு, சரி, கோபம். கோயில்ல எழுதிக் குடுக்கிற அளவுக்கா? அதுவும் அந்த லிஸ்ட் எப்பவும் அம்மா கையெழுத்துலதான போகும்."

அன்றே நம்பரை மாற்றிவிட்டான்.

இம்மாதம் 2ஆம் தேதி சனிக்கிழமை. அங்கே உங்களுக்கு மாலை ஆறு மணி பூசை, இங்கே மத்தியானம் பன்னிரண்டரை. சந்தை நடுவில் ஒரு ஆள் பூட்டுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்கிறான், இவன் போனைக் காதில் வைத்து நம் கோயில் பெயர்ப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வருஷா வருஷம் கேட்கிறானாம். முடிந்ததும் சொன்னான், "இந்த வருஷமும் என் பேரு இல்லை. அந்த ஒரு தடவைதான். அதுக்கப்புறம் செத்தவங்க லிஸ்ட்லகூட மறந்துட்டாங்க."

இதையெல்லாம் கேட்டு எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுத மாட்டேன். இன்று வரைக்கும் இருக்கிறது. அந்தப் பெயரை நீ கொடுத்தாயா, அத்தான் கொடுத்தாரா? இதற்கு மட்டும் பதில் எழுது.

இன்பநாதன்


புனே
21.11.2024

அன்புத் தம்பி,

நான்தான் எழுதிக் கொடுத்தேன். எப்படி என்று சொல்கிறேன், வாசித்துவிட்டுக் கோபப்படு.

அந்த நவம்பரில் உன் அத்தான் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார், நீயும்தானே டிபன் கேரியர் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போவாய். கோயிலில் கவர் வாங்கவில்லை, பெயர்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார்கள். எனக்குப் போனில் தமிழ் அடிக்க வராது. ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். மேலே இறந்தவர்கள். நம் அப்பா அம்மா, அவருடைய அப்பா அம்மா, கடைசியில் உன் மனைவி. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, பூசையில் வேண்டிக்கொள்ள ஜெரோஷ் என்று எழுதினேன். தூர தேசத்தில் காய்ச்சலோடு இருக்கிறேன் என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான். வேறு ஒரு தாள் எடுக்க எனக்கு அன்று சோம்பல். ஆஸ்பத்திரி வராண்டாவில் மடியில் வைத்து எழுதிய தாள் அது. கோயிலில் யாரோ கோட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துவிட்டார்கள்.

இது ஒரு பாதிதான். மறுபாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எழுதிய முதல் கடிதத்திலும் மறைத்தேன்.

அவன் பெயரை வாசித்ததை நானும் கேட்டேன். அதே வராண்டாவில் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி லலிதா, "விடுங்கக்கா, உயிரோட இருக்கிறவங்களை அப்படிச் சொன்னா ஆயுசு கெட்டி" என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தடவை பேசும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அந்த போன் வரவேயில்லை. பத்து நாள் கழித்து நான் போட்டால் அப்படி ஒரு நம்பர் இல்லை என்றது. கேட்டிருப்பானோ என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. தோன்றிய உடனே அதை அமுக்கிவிட்டேன். மூன்று வருஷம் அமுக்கினேன். உன் அத்தானிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் வாயில் வந்த வார்த்தையை என் கை எழுதிக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வேன்? அதற்கப்புறம் அவன் பெயரை எந்தத் தாளிலும் எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டுதல் பெட்டியில்கூட எழுதிப் போட்டதில்லை. மறந்து அல்ல, பயந்து.

இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு. அவனுக்கும் அப்பனைப் போலத் தமிழ் வாசிக்க வராது. இனி எழுதுவது அவனுக்கு.

ஜெரோஷ், அம்மா எழுதுகிறேன். நான் உன்னைச் செத்தவர்களோடு சேர்க்கவில்லைடா. உனக்குக் காய்ச்சல் சுகமாகத்தான் எழுதினேன். என் தப்பு, இன்னொரு தாள் எடுக்காதது. அதைவிடப் பெரிய தப்பு, கேட்டுவிட்டும் சும்மா இருந்தது. நீ வருஷா வருஷம் அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று வாசித்தபோது இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. என்னோடு ஒரே ஒரு தடவை பேசு. திட்டுவதற்காவது பேசு.

அம்மா


லிஸ்பன்
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு இன்பநாதன் எழுதுவது. இங்கே குளிர் ஏறிவிட்டது, குழந்தைக்குத் தலை நிற்கப் பார்க்கிறது. உன் முழங்கால் எப்படி? ராத்திரி தூங்குகிறாயா?

கோபம் போய்விட்டது. அன்றைக்கு டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் உன்னோடு நின்றிருந்தால் நீ என்னிடமாவது சொல்லியிருப்பாய். கோவிட் பயத்தில் நானும் கேட்டோடு ஓடிவந்தவன்தான்.

இன்று காலை சந்தையில் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமைக் கூட்டம், பக்கத்தில் ஒருவன் பழைய ரேடியோவைச் சத்தமாக அலறவிட்டிருந்தான். ஜெரோஷ் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டான். கோடு போட்டு எழுதிய இடம் வந்ததும் கை நின்றது. "திரும்ப வாசிங்க" என்றான். வாசித்தேன். அவனுக்கென்று எழுதிய பத்தியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை ரேடியோவுக்கு மேல் கத்தி வாசித்தேன். சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, ரேடியோக்காரன் தானாகச் சத்தத்தைக் குறைத்தான்.

கடிதத்தை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு, "அம்மா விஷயம் புரிஞ்சுடுச்சு மாமா. பாவம் அம்மா" என்றான்.

"அப்ப நம்பரைக் குடு, இப்பவே பேசுவோம்" என்றேன்.

தலையை ஆட்டினான். "கோயில்ல வாசிச்சது மிஸ்டேக். அப்பா சொன்னது மிஸ்டேக் இல்லையே. நான் போன் பண்ணா ஸ்பீக்கர்ல தான வரும்? அவர் எழுந்து உள்ள போற சத்தம் கேட்கும். அதை ஒரு தடவை கேட்டுட்டேன். இன்னொரு தடவை முடியாது மாமா."

படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அப்புறம் என்றான். நான் 18ஆம் தேதி கிளம்புகிறேன். அதற்குமேல் விசா கிடையாது. அதற்குள் ஐந்து சந்தைதான் பாக்கி, கடைசி இரண்டும் 14, 17. நான் போய்விட்டால் அவன் இடம் மாற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. அத்தானிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புத் தம்பி
இன்பநாதன்


புனே
8.12.2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். 14ஆம் தேதிச் சந்தைக்குள் வந்துவிடும் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்கள்.

நேற்று உன் கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் அத்தான் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வராண்டா, தாள், கோடு, லலிதா எல்லாம். உன் கடிதங்களை ஒன்று விடாமல் காதோரம் சத்தமாக வாசித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தால் கேட்கட்டும். அவர் எழுந்து உள்ளே போகிற சத்தம் என்ற இடத்தை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை, அதையும் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் அவர், "தேதி என்ன?" என்றார்.

"எந்தத் தேதி?"

"பேரு வாசிச்ச தேதி."

சொன்னேன். எழுந்து போனார். போனது அலமாரிக்கு. டிப்போ ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆகும்போது கொண்டுவந்த கோடு போட்ட ஃபூல்ஸ்கேப் தாள்களை எடுத்து வந்து, மேஜையில் இருந்த உன் படங்களை ஒதுக்கிவிட்டு எழுத ஆரம்பித்தார். நாலு தாளைக் கிழித்துப் போட்டார். எனக்குக் காட்டவில்லை.

இன்று காலைப் பூசை முடிந்ததும் நேரே பங்குச் சாமியாரிடம் போய்க் கொடுத்தார். சாமியார் வாசித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இவர் விடவில்லை. நகலில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் கோயில் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுத வராதா, இங்கேயும் ஆபீஸ் புத்திதானா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவர் நகலை என் கையில் கொடுத்து, "அட்ரஸ் தெரிஞ்சா அனுப்பு" என்றார். வீட்டுக்கு வந்து கடைசி வரி வரை வாசித்தேன். அதற்கப்புறம் திட்டவில்லை.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் ஜெரோஷே வாசித்துக்கொள்வான். முத்திரை போட்ட நகல் அவனுக்கு. நீ அதைப் பிரிக்காதே. உனக்காகத் தமிழில் கீழே எழுதுகிறேன். என் முழங்கால் நன்றாக இருக்கிறது.

அக்கா
ஆரோக்கியமணி


அனுப்புநர்: கார்ல் சவரிமுத்து, தலைமை எழுத்தர் (ஓய்வு), கட்கி, புனே.

பெறுநர்: வணக்கத்துக்குரிய பங்குத் தந்தை அவர்கள்.

பொருள்: 2.11.2021 அன்று வாசிக்கப்பட்ட இறந்தோர் பட்டியலில் திருத்தம் கோருதல்.

ஐயா,

மேற்படி பட்டியலில் என் மகன் ஜெரோஷின் பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது 7.12.2024 அன்று என் கவனத்துக்கு வந்தது. மேற்படியார் உயிருடன் இருக்கிறார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேற்படியார் இறந்துவிட்டதாக 2021 ஏப்ரல் மாதம் தொலைபேசியில் நான் வாய்மொழியாகக் கூறியதும் முற்றிலும் தவறானது. அதற்கு நானே பொறுப்பு. அதை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆகவே பதிவைத் திருத்தி, உயிரோடு இருப்பவர்களுக்கான வேண்டுதலில் மேற்படியாரின் பெயரை வரும் ஞாயிறு முதல் வாசிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள
கார்ல் சவரிமுத்து

நகல்: திரு. ஜெரோஷ், லிஸ்பன். தகவலுக்காகவும், தக்க நடவடிக்கைக்காகவும்.